ஒளிரும் களிம்புப் பெட்டி: பிள்ளைகளுக்கு வாங்கலாம், கொழுந்தெடுக்கும் கைகளுக்கு வேண்டாம்

அடுத்த மாதம் எங்கள் சபையிலிருந்து எட்டுப் பேர் கென்யாவின் கெரிச்சோவுக்கு ஊழியப் பயணம் போகிறோம். அதுவும் எங்கள் ஹட்டனைப் போலத் தேயிலை மலைதான். காலையில் ஜெபம், பிறகு பள்ளிக்கூடங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் சுகாதாரப் பாடம். முப்பது வருடம் தோட்டத்தில் மருத்துவிச்சியாக இருந்தவள் என்பதால், கைகழுவும் பாடம் என் தலையில் விழுந்தது. அதற்காக இணையத்தில் வாங்கிய பெட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

உள்ளே 240 மில்லிலீட்டர் களிம்புப் போத்தல் ஒன்று, புறஊதா டோர்ச் ஒன்று, ஆங்கிலத்தில் ஒரு துண்டுத்தாள். விலை 9,500 ரூபாய். ஹட்டனுக்கு வந்துசேர 19 நாள் ஆனது. களிம்பைக் கையில் தேய்த்து, வழக்கம்போல் கழுவிவிட்டு, இருட்டில் டோர்ச் அடித்தால் கழுவப்படாத இடம் மினுங்கும். வேலை அவ்வளவுதான்.

தோலில் பூசும் பொருள். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போத்தலில் ஒரு வரிகூட இல்லை. விற்றவரிடம் கேட்டேன். கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது. ஆகவே முதலில் என் முழங்கையின் உட்புறத்தில் பூசி ஒரு நாள் பார்த்தேன். அரிப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. அதன் பிறகே பிள்ளைகளின் கையில் பூசினேன்.

டோர்ச் சுமார். அதன் ஒளியின் அலைநீளம் 395 நானோமீட்டர். அதன் ஊதா வெளிச்சமே கண்ணில் அடிப்பதால் களிம்பின் மினுக்கம் மங்கித் தெரிகிறது. மருமகன் கொழும்பிலிருந்து 365 வகை ஒன்று வாங்கி அனுப்பினான். அதில் பார்த்தால் நகக்கண் வரை தெளிவு. இந்தப் பெட்டியை வாங்குகிறவர்கள் டோர்ச்சுக்கு வேறாகப் பணம் எடுத்துவையுங்கள்.

ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளிடம் முதல் ஒத்திகை. நோர்வூட் பக்கத்துத் தோட்டக் கோயில், ஆராதனை முடிந்த நேரம், ஜன்னலுக்குக் கம்பளி கட்டிய பின்னறை. டோர்ச்சை அடித்ததும் மினுங்கியது கைகள் அல்ல, வெள்ளைக் கவுன்கள்! சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் என்பதை நான் மறந்தேபோனேன். பிள்ளைகள் தேவதூதரைக் கண்டதுபோல் "சம்மனசு, சம்மனசு" என்று கத்தினார்கள். பாடம் பத்து நிமிடம் நின்றது. வெள்ளை உடுத்தும் நாளில் இதைச் செய்யாதீர்கள்.

பிறகு கைகளைப் பார்த்தோம். பெருவிரல், விரல் நுனிகள், விரலிடுக்கு என எல்லோரும் விட்டிருந்தது இந்த மூன்றைத்தான். கையை நனைத்துவிட்டு ஓடிவந்த ஒரு பொடியன், தானாகவே மூன்று தடவை தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் கழுவி வந்தான். நான் வருடக்கணக்கில் சொல்லியும் நடக்காத காரியம். 20 விநாடி எண்ணச் சொல்வதற்குப் பதிலாகக் கர்த்தருடைய ஜெபத்தை ஒருமுறை நிதானமாகச் சொல்லச் சொன்னேன். நேரம் சரியாக இருந்தது.

இரண்டாவது ஒத்திகையில்தான் எனக்கு மனம் கசந்தது. அந்தி வேளை, கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த தாய்மார் பன்னிரண்டு பேர். கொழுந்தெடுக்கும் விரல்களில் தேயிலைக் கறையும் வெடிப்பும் இருக்கும். களிம்பு வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் சவர்க்காரம் போட்டாலும் லேசில் வராது. ஓர் அம்மா இரண்டு தடவை கழுவினார், மூன்றாம் தடவை பிரஷ் போட்டுத் தேய்த்தார். விரல் முழுக்க அப்படியே கோடு கோடாக மினுங்கியது. "நன்றாகத்தானே கழுவினேன் மிஸ்ஸி" என்று சொல்லி, கையை இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணிக்குள் மறைத்துக்கொண்டார். என் அம்மாவின் கையும் அப்படித்தான் இருந்தது.

துண்டுத்தாளிலோ மினுங்கும் இடமெல்லாம் கிருமி என்று போட்டிருக்கிறது. அது தவறு. களிம்புக்குக் கிருமி தெரியாது. களிம்பு எங்கே மிஞ்சியிருக்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். நானும் அந்தத் தாளை நம்பித்தான் "கிருமி பாருங்கள்" என்று தொடங்கியிருந்தேன். மறுநாள் அவர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கெரிச்சோவிலும் கொழுந்தெடுக்கும் கைகள் இருக்கும். அங்குள்ள பெரியவர்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அதன் மேல் ஒரு சிட்டிகை கறுவாத்தூள். வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது, சவர்க்காரம் போட்டால் போகும். சவர்க்காரம் எதற்கு என்ற கேள்விக்குப் பகல் வெளிச்சத்திலேயே பதில் கிடைத்துவிடுகிறது. இருட்டறை வேண்டாம், பற்றரி வேண்டாம், யார் கையையும் யாருக்கும் காட்டிக்கொடுக்க வேண்டாம். வெடிப்பில் கறுவா எரியும் என்பதால் அப்படிப்பட்ட கைகளுக்கு அடுப்புக்கரித் தூள். (சுவாகிலியில் சவர்க்காரத்துக்கு 'சபூனி' என்று பெயர். சிங்களத்தில் 'சபன்'. பாதி பாடம் படித்த மாதிரி.)

கொண்டுபோகிறவர்களுக்கு: போத்தல் 100 மில்லிலீட்டருக்கு மேல் என்பதால் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் வையுங்கள். கென்யா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும்.

பிள்ளைகளுக்கு என்றால் ஐந்துக்கு நான்கு. கைத்தொழிலாளருக்கு என்றால் ஒன்று, அதுவும் போத்தலின் மூடி ஒழுகாததற்காக. இன்னொன்று, களிம்பு துணியில் பட்டால் ஒருமுறை துவைத்தும் போகவில்லை. கோயில் பின்னறைத் திரையில் ஐந்து சின்ன விரல்கள் இன்னும் மினுங்குகின்றன. போதகர் ஐயரிடம் டோர்ச் இல்லாததால் நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.