தினம் ஒரு மாத்திரையா, கருப்பைக்குள் ஒரு சாதனமா?

காரைக்குடிப் பக்கம் மாதவிலக்கு வலி என்றால், "வெந்தயத்தை மோரில் போட்டுக் குடி, கல்யாணமானால் சரியாப் போகும்" என்பதுதான் அப்பத்தா வைத்தியம். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்தான் எண்டோமெட்ரியோசிஸ்; அந்த வலி அதற்கெல்லாம் அடங்காது. நீண்டகாலத்துக்கு டாக்டர்கள் சொல்லும் ஹார்மோன் வழிகளில் இரண்டைப் பார்ப்போம்.

டயனோஜெஸ்ட் மாத்திரை 2 மி.கி., தினமும், இடைவெளி விடாமல். சினைமுட்டை வெளியாவதைப் பெரும்பாலும் அடக்கிவிடும். அதனால் சினைப்பையில் 'சாக்லேட் கட்டி' (இந்த நோயால் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் கட்டி) இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். கட்டி சுருங்கவும் வாய்ப்புண்டு. ஆனால் முதல் மாதங்களில் உதிரப்போக்கு சொல்லாமல் கொள்ளாமல் வரும். வீட்டில் முன்னோருக்குப் படைப்பு நடக்கும் வாரத்தில் வந்தால் அந்தச் சங்கடம் நம்மூர்ப் பெண்களுக்குத்தான் தெரியும். தலைவலி, மனச்சோர்வு வரலாம். ஆண்டுக்கணக்கில் எடுத்தால் எலும்பு அடர்த்தியையும் கவனிக்க வேண்டும். இதையே கருத்தடையாக நம்பிவிடக் கூடாது.

52 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உள்ள சாதனத்தைக் கருப்பைக்குள் ஒருமுறை பொருத்தினால் 5 ஆண்டுக்குக் கவலையில்லை, கருத்தடையும் கிடைக்கும். மாத்திரை மறப்பவர்களுக்கும், உதிரப்போக்கு அதிகம் உள்ளவர்களுக்கும் இதுவே தோது. பொருத்தும்போது வலிக்கும். சினைமுட்டை பெரும்பாலும் வெளியாவதால் சாக்லேட் கட்டிக்கு அவ்வளவு பிடிமானமில்லை. 'காப்பர்-டி'தானே என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். அதிலுள்ள செம்பு வலியையும் உதிரப்போக்கையும் கூட்டக்கூடியது.

இரண்டுமே நோயை வேரறுப்பதில்லை. நிறுத்தினால் வலி திரும்பலாம். உடனே குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இரண்டும் ஒத்துவராது.