போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷன் ஒன்றை எட்டு வருஷம் கட்டி மேய்த்த அனுபவம்

போன வாரம் ஒரு ரிப்பேர் வேலையை முடித்து மூச்சு விட்ட அன்றைக்கே நண்பன் ஒருவன் கேட்டான்: "எங்க லாஜிக்கையும் போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷனா எழுதிடலாம்னு பாக்குறோம். நீ எட்டு வருஷமா ஒண்ணு வெச்சிருக்கியே, எப்படிடா இருக்கு?" போனில் நான் சொன்ன பதில் சுருக்கமாக இருந்தது, சூடாகவும் இருந்தது. அது நியாயமான பதில்தானா என்று மனசு உறுத்துவதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். போஸ்ட்கிரெஸ் ஒரு டேட்டாபேஸ் மென்பொருள்; அதற்குள் நாமே எழுதிச் சேர்க்கும் கூடுதல் நிரல்தான் எக்ஸ்டென்ஷன். கன்ட்ரோல் ஃபைல் என்றால் என்ன, மேக்ஃபைலில் பிஜிஎக்ஸ்எஸ் எப்படிச் சேரும் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கான பதிவு இது.

என்னுடையது சின்ன எக்ஸ்டென்ஷன். இரண்டு பெயர்களைக் கொடுத்தால் அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 0-வுக்கும் 1-க்கும் இடையில் ஒரு மதிப்பெண் தரும். சொற்களை ஒப்பிட போஸ்ட்கிரெஸோடு வரும் ஃபஸ்ஸிஸ்டர்மேட்ச் என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறதே என்று கேட்கலாம். உச்சரிப்பை வைத்து ஒப்பிடும் அதிலுள்ள சவுண்டெக்ஸ், யூடிஎஃப்-8 போன்ற பல பைட் எழுத்துக் குறியாக்கங்களுக்குச் சரிவராது என்று அதன் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அதனால் 2017-இல், பதிப்பு 10 வந்த சமயத்தில், சி மொழியில் நானே எழுத உட்கார்ந்தேன். கூடவே, எத்தனை ஒப்பீடு நடந்தது என்று எண்ண, சர்வரின் எல்லா பிராசஸ்களும் பகிரும் ஷேர்டு மெமரியில் ஒரு கவுன்டர். அவ்வளவுதான் சரக்கு.

எக்ஸ்டென்ஷன் எழுதலாமா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் முதலில் பயப்படுவது வருஷா வருஷம் மாறும் உள் அமைப்பைப் பார்த்துத்தான். வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் 5 வருஷ ஆதரவு. ஆக எந்த நேரத்திலும் ஐந்து பதிப்புகளில் நம் நிரல் கம்பைல் ஆக வேண்டும், பீட்டா வந்துவிட்டால் ஆறு. 12-இல், டேபிளைத் திறக்கும் ஹீப் ஓப்பனுக்குப் பதிலாக டேபிள் ஓப்பன் வந்தது. பிராசஸ் யூட்டிலிட்டி ஹூக்கை (ஹூக் என்றால் சர்வர் தன் வேலைக்கு நடுவே நம் நிரலை அழைக்கும் இடம்) வைத்திருந்தவர்கள் 13-இலும் மாற்றினார்கள், மறுபடி 14-இலும் மாற்றினார்கள். 16-இல், நீளம் மாறும் தரவைக் கையாளும் வேர்லீனா மேக்ரோக்கள் தனி ஹெட்டர் ஃபைலுக்குப் போயின; நான் ஒரே ஒரு இன்க்ளூட் வரி சேர்த்தேன். உண்மையைச் சொன்னால் இந்த வேலை என்னை ஒருநாளும் வாட்டியதில்லை. கம்பைலர் எந்த வரியில் தகராறு என்று சொல்லிவிடும், பதிப்பு எண்ணைப் பார்த்து ஒரு இஃப் போட்டால் தீர்ந்தது. வருஷத்தில் ஒரு மாலை நேரம் செலவாகும்.

ஒரே ஒரு முறை மட்டும் கம்பைலர் கைவிட்டது. 15-இல் ஷேர்டு மெமரி கேட்பதற்கென்றே தனி ஹூக் கொண்டுவந்தார்கள். என் பழைய நிரலோ எக்ஸ்டென்ஷன் லோடு ஆகும்போதே நேரடியாகக் கேட்டது. கம்பைல் சுத்தமாக முடிந்தது, ஆனால் சர்வர் எழுந்திருக்கவே இல்லை. லாகில் பார்த்தால், அந்த ஹூக்குக்கு வெளியே மெமரி கேட்கக்கூடாது என்று ஒரு தெளிவான ஃபேட்டல் வரி. கோபம் வரவில்லை. என்ன தவறு, எங்கே சரிசெய்ய வேண்டும் என்று அந்த ஒரு வரியே சொல்லிவிட்டது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

2024 நவம்பரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 17.1-உம் அதோடு வந்த மற்ற மைனர் (சிறு திருத்த) வெளியீடுகளும் ஒரு உள் ஸ்ட்ரக்சரின், அதாவது தரவு அமைப்பின், அளவைப் பெரிதாக்கிவிட்டன. பழைய மைனருக்குக் கம்பைல் செய்த டைம்ஸ்கேல் டிபி போன்ற எக்ஸ்டென்ஷன்கள் அதில் அடிபட்டன. ஒரே வாரத்தில், அதே மாதம் 21-ஆம் தேதி, 17.2 உள்ளிட்ட அவசர வெளியீடுகளைக் கொண்டுவந்து பொருத்தத்தை மீட்டார்கள். என்னுடையது அந்த ஸ்ட்ரக்சரைத் தொடுவதில்லை, தப்பித்தேன். தவறு நடந்த வேகத்தைவிடத் திருத்திய வேகம்தான் எனக்கு நினைவில் நிற்கிறது.

சரி, எட்டு வருஷமாக என்னை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

எக்ஸ்டென்ஷன் என்று நாம் ஒரே பொருளாகச் சொல்வது உண்மையில் இரண்டு பாதிகள். ஒன்று டிஸ்கில் இருக்கும் எஸ்ஓ ஃபைல், அதாவது கம்பைல் ஆன சி நிரல். இன்னொன்று டேட்டாபேஸின் கேட்டலாகுக்குள், அதாவது தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று அது குறித்துவைக்கும் உள் டேபிள்களுக்குள், உட்கார்ந்திருக்கும் எஸ்க்யூஎல் அறிவிப்புகள். பேக்கேஜை அப்டேட் செய்தால் முதல் பாதி மட்டும் மாறும். இரண்டாவது பாதி, யாராவது ஆல்டர் எக்ஸ்டென்ஷன் அப்டேட் என்று கையால் அடிக்கும் வரை, நிறுவிய நாளில் இருந்தபடியே இருக்கும். அதையும் ஒரு சர்வரில் எத்தனை டேட்டாபேஸில் அந்த எக்ஸ்டென்ஷன் இருக்கிறதோ அத்தனையிலும் தனித்தனியாக அடிக்க வேண்டும். பிஜி அப்கிரேடு என்ற மேம்படுத்தும் கருவி வழியாகப் புதிய பெரிய பதிப்புக்கே போனாலும் எக்ஸ்டென்ஷனின் பழைய எண்ணை அது அப்படியே தூக்கிக்கொண்டு வரும். சமீப காலமாக, எவற்றை அப்டேட் செய்யலாம் என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டுப் போகிறது. அதை யார் ஓட்டுகிறார்கள்? நான் பார்த்த வரையில் பத்தில் இரண்டு பேர்கூட இல்லை.

இதனால் நான் பட்ட அடியைச் சொன்னால்தான் புரியும். 1.3 பதிப்பில் ஒப்பீட்டு ஃபங்ஷனுக்கு மூன்றாவதாக ஒரு ஆர்க்யுமென்ட் (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பு) சேர்த்தேன்: எந்த முறையில் ஒப்பிட வேண்டும் என்று டெக்ஸ்டாகச் சொல்வது. சி பக்கத்தில் அதே ஃபங்ஷன் பெயர், உள்ளே மூன்றாவது ஆர்க்யுமென்டை எடுக்கும் ஒரு வரி புதிது. அப்டேட் ஸ்கிரிப்டும் எழுதினேன், டெஸ்ட் எல்லாம் தேறியது, வெளியிட்டேன். பத்து நாள் கழித்து, இதைப் பயன்படுத்தும் ஒரு குழுவிலிருந்து லாக் வந்தது: சிக்னல் 11, செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்டு பிராசஸ் விழுந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஒரு பேக்எண்ட் (ஒரு இணைப்பைக் கவனிக்கும் பிராசஸ்) இப்படி விழுந்தால் அது மட்டும் போகாது. ஷேர்டு மெமரி கெட்டிருக்கலாம் என்று மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து, ரெகவரி ஓட்டி, பிறகுதான் கதவைத் திறக்கும். பெயர் ஒப்பிடும் ஒரு சின்ன ஃபங்ஷனால் அவர்களுடைய மொத்த அப்ளிகேஷனும் அரை மணிக்கு ஒரு தடவை உதறி விழுந்துகொண்டிருந்தது.

அவர்களிடம் எக்ஸ்டென்ஷன் பட்டியலை எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் 1.1 என்று இருந்தது. டிஸ்கில் இருந்த எஸ்ஓ ஃபைலோ 1.3. சர்வர் அப்டேட்டோடு பேக்கேஜ் தானாக வந்து இறங்கியிருக்கிறது, ஆல்டர் எக்ஸ்டென்ஷன் யாரும் அடிக்கவில்லை. கேட்டலாகில் ஒரு ஃபங்ஷனின் சி நிரலைப் பற்றி என்ன எழுதியிருக்கும்? எந்த ஃபைல், அதில் எந்தச் சிம்பல் (சி ஃபங்ஷனின் பெயர்) என்ற இரண்டும்தான். அந்தச் சிம்பல் உள்ளே எத்தனை ஆர்க்யுமென்ட் எதிர்பார்க்கிறது என்று போஸ்ட்கிரெஸுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. 1.1-இன் அறிவிப்பு இரண்டு ஆர்க்யுமென்ட் கொடுத்து அழைத்தது. என் நிரல் மூன்றாவதைத் தேடிப் போய், அங்கே கிடந்த ஏதோ ஒரு எண்ணை முகவரி என்று நம்பி, அதைத் திறக்கப் பார்த்தது.

அன்று ராத்திரியே, வந்த ஆர்க்யுமென்ட் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, மூன்றுக்குக் குறைவாக இருந்தால் பழைய முறையிலேயே ஒப்பிடும்படி ஒட்டுப் போட்டு அனுப்பினேன். அப்புறம் நிதானமாக உட்கார்ந்து சரியான வழிக்கு மாற்றினேன்: ஆர்க்யுமென்டோ திருப்பித் தரும் வடிவமோ மாறினால் சிம்பலுக்கே புதுப் பெயர், பழைய சிம்பல் பழைய நடத்தையோடு அப்படியே இருக்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. போஸ்ட்கிரெஸோடு வரும், குவரிகளின் புள்ளிவிவரம் எடுக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனின் சி ஃபைலைத் திறந்து பாருங்கள். 1.2, 1.3, 1.8, 1.9, 1.10 என்று பதிப்பு எண்ணை வாலாகக் கட்டிக்கொண்ட ஃபங்ஷன்கள் வரிசையாக நிற்கும். பல வருஷமாக அந்த ஃபைலைப் பார்த்திருக்கிறேன். எதற்கு இவ்வளவு பழசைச் சுமக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அந்தக் குழுவுக்கு அந்த வாரம் வந்திருக்காது.

பழைய சிம்பலை நீக்கவும் முடியாது. நீக்கினால் 1.1 வைத்திருப்பவர் பிஜி அப்கிரேடு ஓட்டும்போது, இந்த ஃபைலில் இந்த ஃபங்ஷன் இல்லை என்று பாதி வழியில் நின்றுவிடும். போன வாரம் நான் செய்த ரிப்பேர் இதுதான். நிரலைச் சுத்தம் செய்கிறேன் என்று, 1.0-இலிருந்து யாரும் அழைக்காத ஒரு துணை ஃபங்ஷனை எடுத்துவிட்டேன். அழைக்காவிட்டாலும் கேட்டலாகில் அதன் பெயர் இருக்கிறதே! ஒருவருடைய மேம்படுத்தல் அங்கே நின்றது. திரும்பச் சேர்த்தேன், உள்ளே, இந்த ஃபங்ஷன் இப்போது இல்லை, ஆல்டர் எக்ஸ்டென்ஷன் அப்டேட் செய்யுங்கள் என்று பிழை சொல்லும் இரண்டு வரி மட்டும்.

இரண்டு பாதிகளும் வேறு வேறு பதிப்பில் இருக்கின்றன என்று லோடு ஆகும்போது ஒரு எச்சரிக்கை வரி வந்திருந்தால் போதும். எட்டு வருஷமாக இதைத்தான் எதிர்பார்க்கிறேன். நிறுவிய பதிப்பையும் டிஸ்கில் தயாராக இருக்கும் பதிப்பையும் அருகருகே காட்டும் பிஜி அவைலபிள் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற வியூ இருக்கிறது, ஆனால் தேடிப் போய்ப் பார்ப்பவருக்குத்தான் அது பேசும். 18-இல் ஒரு நல்ல மாற்றம் வந்தது. எஸ்ஓ ஃபைலுக்குள்ளேயே பெயரையும் பதிப்பையும் எழுதி வைக்கலாம், லோடு ஆனவற்றை ஒரு ஃபங்ஷன் மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வந்த வாரமே சேர்த்துவிட்டேன். இனி யாராவது லாக் அனுப்பினால் இரண்டு எண்களையும் ஒரே குவரியில் கேட்டு வாங்கலாம்.

இவ்வளவு திட்டிய பிறகு, எனக்குப் பிடித்ததையும் அதே அளவு மனசோடு சொல்ல வேண்டும். பிஜி ரெக்ரஸ். இதைவிட எளிமையான டெஸ்ட் கருவியை நான் பயன்படுத்தியதில்லை. ஒரு எஸ்க்யூஎல் ஃபைல், எதிர்பார்க்கும் விடை ஒரு ஃபைல், இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் டிஃப். கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. அந்த விபத்துக்குப் பிறகு இதில் ஒரு டெஸ்ட் சேர்த்தேன். முதலில் 1.0-ஐ நிறுவும். பிறகு ஆல்டர் எக்ஸ்டென்ஷன் அப்டேட், 1.0-இலிருந்து கடைசிப் பதிப்பு வரை எந்தெந்த ஸ்கிரிப்டை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்ற பாதையைப் போஸ்ட்கிரெஸே கண்டுபிடித்துக்கொள்ளும், அது தனி அழகு. அப்புறம் எக்ஸ்டென்ஷனுக்குச் சொந்தமான ஒவ்வொரு ஃபங்ஷனின் பெயர், சிம்பல், தன்மைகள் எல்லாவற்றையும் கேட்டலாகிலிருந்து அச்சடிக்கும். அதையே புதிதாக நிறுவிய டேட்டாபேஸிலும் செய்து இரண்டையும் ஒப்பிடும்.

முதல் தடவை ஓட்டியபோதே ஒரு வரி வித்தியாசம் வந்தது. புதிதாக நிறுவினால் ஒப்பீட்டு ஃபங்ஷன் பேரலல் சேஃப் (பல பிராசஸ்களில் ஒரே நேரத்தில் ஓட்டலாம்) என்று இருந்தது, மேலேறி வந்தவர்களுக்கு அன்சேஃப். 1.2-இன் முழு ஸ்கிரிப்டில் அந்தச் சொல்லைச் சேர்த்த நான் அப்டேட் ஸ்கிரிப்டில் விட்டிருக்கிறேன். சொல்லாவிட்டால் அன்சேஃப் என்றுதான் போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஒரு ஃபங்ஷன் குவரியில் இருந்தாலே அந்தக் குவரிக்குப் பேரலல் பிளான் கிடையாது. ஆரம்பத்திலிருந்தே என் எக்ஸ்டென்ஷனை நம்பியிருந்தவர்களுக்கு மட்டும், பெரிய டேபிள்களில் ஒரே ஒரு பிராசஸ் தனியாக மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறது, வருஷக்கணக்கில். யாரும் புகார் சொல்லவில்லை, ஏனென்றால் விடை சரியாகத்தான் வந்தது. ஆல்டர் ஃபங்ஷன் ஒரு வரி எழுதி 1.4 என்று வெளியிட்டேன். அந்த டிஃப் திரையில் வந்த நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆவணம் நன்றாக இருக்கிறது, மெமரியைத் தொகுதியாக ஒதுக்கி மொத்தமாக விடுவிக்கும் மெமரி கான்டெக்ஸ்ட் முறை சி எழுதுபவரின் பாதிப் பயத்தைப் போக்கிவிடுகிறது, சர்வரின் மூல நிரலில் உள்ள குறிப்புகளைப் படித்தே நிறையக் கற்றேன். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் தாராளமாக எழுது என்றுதான் நண்பனிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் சொன்னது வேண்டாம் என்று. எஸ்க்யூஎல்லிலோ, போஸ்ட்கிரெஸின் சொந்த மொழியான பிஎல் பிஜிஎஸ்க்யூஎல்லிலோ முடிகிற வேலை என்றால் அங்கேயே முடி. சி பக்கம் வந்தால் வெளியிட்ட முதல் நாள் எழுதிய சிம்பல்கூட உன்னோடு கடைசி வரை வரும் என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

அவன் கேட்கவில்லை. மறுநாளே என் மேக்ஃபைலைக் கேட்டான். அனுப்பினேன். கூடவே 1.0-இலிருந்து மேலேற்றிப் பார்க்கும் அந்த டெஸ்டையும் அனுப்பி, ஃபங்ஷன் எழுதுவதற்கு முன்னால் இதை ஓட வை என்று சொல்லியிருக்கிறேன்.