சொல்லின் பொருள்: ஆளைக் கேட்பதா, வெக்டரை எடுப்பதா?

தமிழ்த் தேடல் கருவி ஒன்றுக்குச் சொற்களின் பொருள்நெருக்கம் தேவைப்பட்டது. இரண்டு வழிகளைப் பார்த்தேன். ஒன்று, உளவியலாளர்களின் பண்புப் பட்டியல்: ஒரு சொல்லைக் கொடுத்து, மனதில் தோன்றும் பண்புகளை ஆட்களை எழுதச் சொல்வது. இன்னொன்று, எந்தச் சொல் எவற்றோடு வருகிறது என்று எழுத்துக் குவியலிலிருந்து கற்கும் வெக்டர், அதாவது ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் வரிசை; பொருள் நெருங்கினால் எண்களும் நெருங்கும். நான் எடுத்தது வெக்டர், குறிப்பாக ஃபேஸ்புக் வெளியிட்ட ஃபாஸ்ட்டெக்ஸ்ட் என்ற கருவி.

மனித மனதுக்கு எது நெருக்கம் என்றால் பட்டியல்தான், அதில் பேச்சே இல்லை. இரண்டு சொற்கள் ஏன் நெருங்கின என்று அது காரணம் சொல்லும். வெக்டரின் 300 எண்களில் அது தெரியாது.

என்னைத் தள்ளியது பராமரிப்பு. உளவியலாளர் மக்ரேயின் குழு 2005இல் வெளியிட்ட ஆங்கிலப் பட்டியலில் இருப்பவை 541 பொருள்கள். அதற்கே சுமார் 725 பேர். ஒவ்வொரு பொருளுக்கும் 30 பேரின் பதில். எல்லாமே கண்ணால் பார்க்கும், கையால் தொடும் வகை. 'நேர்மை', 'வட்டி' எல்லாம் கிடையாது. நாளைக்கு ஒரு புதுச்சொல் புழக்கத்துக்கு வந்தால் மறுபடி 30 பேரைத் தேட வேண்டும். தமிழில் அந்த வேலையை முதலிலிருந்தே தொடங்க யாரிடம் ஆளும் பணமும் இருக்கிறது?

ஃபாஸ்ட்டெக்ஸ்டில் 157 மொழிகளுக்கான வெக்டர்கள் 2018இலேயே வந்துவிட்டன, தமிழும் உண்டு. சொல்லை எழுத்துத் துண்டுகளாகவும் பார்ப்பதால், பயிற்சியில் வராத 'வீட்டிலிருந்துதானே'வுக்கும் ஒரு வெக்டர் கிடைக்கும். வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டிக்கொண்டே போகும் மொழிக்கு இது பெரிய விஷயம். பட்டியல் என்றால் முதலில் வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்க இன்னொரு கருவி வேண்டும். அதையும் யாராவது பராமரிக்க வேண்டும்.

குறைகள் இல்லாமல் இல்லை. எழுத்து ஒத்துப்போனதற்காகவே சம்பந்தமில்லாத சொல் பக்கத்தில் வந்து நிற்கும். 'சூடு' கேட்டால் 'குளிர்' வரலாம், இரண்டும் ஒரே மாதிரி வாக்கியங்களில் வருவதால். சேர்ந்து வருவது வேறு, ஒத்திருப்பது வேறு. ஆங்கிலத்தில் உடைகள்–அலமாரி இணைக்கு, தொடர்பையும் ஒப்புமையையும் பிரிக்காமல் கேட்ட வேர்ட்சிம்-353 தொகுப்பில் 10க்கு 8.00, ஒப்புமையை மட்டும் கேட்ட சிம்லெக்ஸ்-999இல் 1.96. இரண்டுமே மனிதர்கள் போட்ட மதிப்பெண்தான். தேடலுக்குச் சேர்ந்து வரும் வகை நெருக்கமே பெரும்பாலும் போதும். ஒருபொருட்சொல் அகராதி செய்பவருக்குப் போதாது.

பெர்ட் போல வாக்கியத்துக்கு வாக்கியம் வெக்டர் மாறும் மாடல்களை நான் ஒப்பிடவில்லை. 'படி', 'மாலை' போன்ற பல பொருள் சொற்கள் நிறைய வரும் வேலை என்றால் முதலில் அவற்றைப் பாருங்கள்.