திரையில் நகர்வது கப்பலா, கொள்கலனா?

குளிர்பதனக் கொள்கலன்களில் கடல்வழியே மருந்து அனுப்பும் எங்கள் நிறுவனம், ஆறு மாதங்களாக ஒரு கண்காணிப்புச் சேவையைப் பயன்படுத்தி வருகிறது. கதவின் வெளிப்புறத்தில் ஒரு கருவி. உட்புறத்தில், வெப்பநிலையையும் வெளிச்சத்தையும் அறியும் சிறு உணரி. கரையில் கைப்பேசிக் கோபுரங்கள் வழியாகவும், அவை எட்டாத கடற்பரப்பில் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகவும் கருவி செய்தி அனுப்புகிறது. ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்த 66 செயற்கைக்கோள்களும் சேர்ந்து துருவங்கள் உட்பட உலகம் முழுவதையும் எட்டுகின்றன.

உள்ளே ஒட்டிய உணரிக்காகவே இச்சேவையை மனதாரப் பாராட்டுவேன். ஒருமுறை, சரக்கு கப்பல் மாறும் துறைமுகத்தில், அதிகாலை 2.40 மணிக்குக் கதவு திறந்ததாக எச்சரிக்கை வந்தது. 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டிய சரக்கு அது. 5 டிகிரியில் இருந்த அளவு பதினொரு நிமிடங்களில் 9 டிகிரியைத் தொட்டு, கதவு மூடப்பட்ட பின் மெல்ல இறங்கியது. அந்தப் பதிவை உடனே அனுப்பிவைத்ததால், கொள்கலன் போய்ச் சேருமுன்பே தரச்சோதனைக்கு ஏற்பாடு செய்ய வாங்குபவருக்கு அவகாசம் கிடைத்தது.

குறை, கொள்கலன் இருக்கும் இடமாகத் திரையில் தெரியும் புள்ளியில் இருக்கிறது. சுற்றிலும் எஃகுப் பெட்டிகள் அடுக்கப்பட்ட கொள்கலனிலிருந்து செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை போய்ச் சேருவது கடினம் என்பதால், கருவி சில நாட்கள் மௌனமாக இருப்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த இடைவெளியை நிரப்புவதற்காக, கப்பல் தன் ஏஐஎஸ் (கப்பலின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் தானாக அறிவிக்கும் அமைப்பு) வழியாக ஒலிபரப்பும் இருப்பிடத்தையே கொள்கலனின் இருப்பிடமாகத் திரை காட்டுகிறது. எங்கள் கொள்கலன் ஒன்று இடைத்துறைமுகத்திலேயே ஏற்றப்படாமல் விடப்பட்டிருந்தபோது, புள்ளி மட்டும் ஐந்து நாட்கள் கப்பலோடு கடலில் போய்க்கொண்டிருந்தது. ஆறாம் நாள் கருவியின் செய்தி பழைய துறைமுகத்திலிருந்தே வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதற்குள், மாற்றுச் சரக்கு அனுப்பியிருக்கக்கூடிய காலம் கடந்துவிட்டது.

கருவி தானே சொன்ன இடத்தையும் கப்பலை வைத்து ஊகித்த இடத்தையும் வெவ்வேறு நிறத்தில் காட்டும்படி கேட்டிருக்கிறோம். மின்கலமும் வாடிக்கையாளர் உதவியும் இதுவரை ஏமாற்றவில்லை. மருந்துச் சரக்குக்கு இச்சேவையைத் தொடர்ந்து வைத்திருப்போம். வந்துசேரும் நாளைக் கணக்கிட மட்டும், புள்ளியை விட்டுவிட்டு, கருவியின் கடைசிச் செய்தி வந்த நேரத்தையும் கப்பலில் ஏற்றியதற்கான துறைமுகப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.