புரொபேட் வாங்குவதா, உயிலோடு நேரே தாசில்தாரிடம் போவதா?

திண்டிவனத்தில் எழுதி வைத்த ஒரே உயில்தான். ஆனால் சென்னைக்குள் இருக்கும் மயிலாப்பூர் வீட்டுக்கு ஹைகோர்ட் ஏறி, உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்றான புரொபேட் வாங்க வேண்டியிருந்தது, ஊர் நிலத்துக்கு வேண்டியதில்லை. இந்து குடும்பங்களுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு இப்படித்தான் வைத்திருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. கட்டாயம் போய்விட்டது, புரொபேட் போகவில்லை. விரும்பினால் வாங்கலாம்.

வேகம் வேண்டுமென்றால் நேர்வழி. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், உயில் ஆகியவற்றோடு பட்டா மாற்றத்துக்கு மனுப் போடலாம். உடன்பிறந்தவர்கள் ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. ஒருவர் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் 'சிவில் கோர்ட்ல பாத்துக்குங்க' என்று அனுப்பிவிடுவார்கள். ரிஜிஸ்டர் செய்த உயில் என்று நீட்டினாலும், பதிவு மட்டுமே அதை நிரூபித்துவிடாது.

புரொபேட் நேர்மாறு. இறந்து ஏழு நாள் முழுதாகக் கழியாமல் தரக் கூடாது என்கிறது சட்டம். ஏழு நாள் என்றதும் எட்டாம் நாள் கிடைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். வாரிசுகளுக்கு நோட்டீஸ், பேப்பர் விளம்பரம், சாட்சியின் வாக்குமூலம் என்று யாரும் எதிர்க்காவிட்டாலே மாதக்கணக்காகும். ஒருவர் கேவியட் (தன்னைக் கேட்காமல் தரக் கூடாது என்ற மனு) போட்டு எதிர்த்தால் மனு வழக்காகிவிடும், அப்புறம் வருடக்கணக்கு. உயிலில் எக்ஸிகியூட்டரை, அதாவது அதை நிறைவேற்றும் பொறுப்பாளரை, குறிப்பிடாவிட்டால் புரொபேட்டே கிடையாது, சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் தரும் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்தான். ஆனால் கிடைத்துவிட்டால், உயில் உண்மையா என்ற கேள்வியை வேறு கோர்ட்டில் போய்க் கிளப்ப முடியாது. (வீடு அப்பாவுடையதுதானா என்பதை மட்டும் அது முடிவு செய்யாது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.)

செலவைவிட நான் முதலில் பார்ப்பது சாட்சிகளின் வயதை. உயிலின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். கையெழுத்துப் போட்ட இருவரும் பெரும்பாலும் அப்பாவின் வயதுக்காரர்களாகவே இருப்பார்கள். எங்கள் உறவில் ஒரு வீட்டில், அண்ணன் தங்கை வழக்கு தொடங்கியபோது ஒரு சாட்சி காலமாகியிருந்தார். எண்பதைத் தாண்டிய மற்றவர் தன் கையெழுத்தையே கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது யாருதுப்பா?" என்றார். நினைவோடு ஒரே ஒரு சாட்சி வந்து சொல்லியிருந்தாலும் போதும். கடைசியில் அந்தக் கையெழுத்துகளை அடையாளம் காட்ட ஆள் தேடி அலைந்தார்கள்.

வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சில் இருந்தால் நேரே தாசில்தாரிடம் போய்விடலாம். யாராவது பதினாறாம் நாள் காரியத்திலேயே முகம் கொடுக்காமல் கிளம்பிப் போயிருந்தால், சாட்சி நடமாடும்போதே புரொபேட்டுக்கு மனுப் போட்டுவிடுங்கள்.