காடு, ரயில், சந்தை: வீட்டிலேயே நடத்திய மூன்று பிறந்தநாளும் அவற்றின் செலவும்

பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது, தீம் ஒன்று வைத்து வீட்டிலேயே கொண்டாட வேண்டும், கையையும் கடிக்கக் கூடாது என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று விதமாகச் செய்து பார்த்தாகிவிட்டது. பெரியவனுக்கு 3 வயது முடிந்தபோது காடு, அவனுக்கே 5 முடிந்தபோது ரயில், சின்னவளுக்குப் போன தையில் 4 முடிந்தபோது சந்தை. மூன்றும் காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் பிள்ளைகளின் அப்பத்தா வீட்டு வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடுவே தூண்கள் சூழ்ந்த உள்கட்டில் நடந்தன, வந்தவர்களும் ஏறக்குறைய அதே பிள்ளைகள், 18லிருந்து 20 பேர். அதனால் ஒன்றை ஒன்றோடு வைத்துப் பார்ப்பது எனக்கு எளிது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். காட்டுக்கு 6,950 ரூபாய். ரயிலுக்கு 2,730. சந்தைக்கு 3,350. இடையில் விலைவாசி ஏறியும்கூட, முதலில் செய்த காடுதான் அதிகம் இழுத்தது, பிள்ளைகள் அதிகம் விளையாடாததும் அதில்தான்.

காடு என்று நான் சொல்வது ஆன்லைனில் வாங்கிய ஒரு பெட்டி. பச்சை, தங்க நிற பலூன்கள், பிளாஸ்டிக் இலைகள், சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, குரங்கு படங்கள், எழுத்துத் தோரணம் எல்லாம் சேர்த்து 1,450. பிரித்துப் பார்த்தால் தோரணத்தில் ஓர் எழுத்தைக் காணோம், நான் அட்டையில் வெட்டி ஒட்டினேன். சித்திரை மாத வெயில். வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும், பலூன் வளைவை அதை ஒட்டி நிறுத்தியது என் தவறு. சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும், வெயில் பட்டால் ரப்பரும் சீக்கிரம் நைந்துபோகும், 11 மணிக்குள் பாதி வெடித்துவிட்டது. ஒவ்வொரு வெடிக்கும் 3 வயதுப் பிள்ளைகள் அழுதார்கள். அதைவிட எனக்குக் கவலையாக இருந்தது தரையில் கிடந்த பலூன் துண்டுகள்தான், சின்னப் பிள்ளை வாயில் போட்டால் தொண்டையை அடைத்துக்கொள்ளும், அன்று முழுக்க நான் துண்டு பொறுக்கிக்கொண்டே இருந்தேன். மெழுகுவர்த்தி எரியும்போது நுரை ஸ்ப்ரே அடிக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த டப்பாவில் தீப்பிடிக்கிற வாயு இருக்கிறது, முகத்துக்கு நேராக எரிந்துவிடும். எங்கள் வீட்டில் அதற்கு இடமே கிடையாது.

சரி, அழகாக இல்லையா என்றால் அழகாகத்தான் இருந்தது, போட்டோவில். கேக் வெட்டி முடித்ததும் பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சுவரில் தொங்கும் சிங்கத்தை வைத்து ஒரு பிள்ளை என்ன விளையாடும்? அரை மணி நேரம் ஓடினார்கள், விழுந்தார்கள், அவரவர் அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. சுவரில் மாட்டுவதைப் பிள்ளைகள் ஒரு தடவை பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவர்கள் கையில் எடுத்துச் செய்கிற காரியம்தான் அவர்களுக்குத் தீம்.

இரண்டு வருஷம் கழித்து ரயில் வைத்தபோது அந்தப் பாடம் மனதில் இருந்தது. மளிகைக் கடையில் சும்மா கிடைத்த 8 பெரிய அட்டைப்பெட்டிகள், மேலும் கீழும் வெட்டி, தோளில் மாட்டக் கயிறு கட்டி, வண்ணம் பூசினோம். பெயின்ட், சார்ட், கயிறு எல்லாம் 380 ரூபாய். ஸ்டேப்ளர் பின் அடிக்கவில்லை, மைதாப் பசையும் டேப்பும்தான், பின் கையைக் கிழிக்கும். பெட்டிக்குள் ஒரு பிள்ளை நிற்கும், அதுதான் ஒரு பெட்டி, எட்டும் வரிசையாகப் போனால் ரயில். எங்கள் ஊர்ப் பாதையே கையில் இருக்கும்போது கற்பனைக்கு எங்கே போவது? முகப்புத் திண்ணை காரைக்குடி, பட்டாலை என்கிற கூடம் கோட்டையூர், அடுத்த தூணடி செட்டிநாடு, அப்புறம் திருமயம், இரண்டாம் கட்டு புதுக்கோட்டை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு பெரியவர் நின்று டிக்கெட் கிழித்து, ஒரு வாய் சாப்பிடக் கொடுத்தார். திருமயத்தில் கோட்டை இருக்கிறது என்று எங்கள் மாமனார் தலையணைகளை அடுக்கி ஒரு கோட்டையே கட்டிவிட்டார், ரயில் அங்கேயே பத்து நிமிஷம் நின்றது.

குறைகளும் உண்டு. எல்லோருக்கும் என்ஜினாக இருக்க வேண்டும். முதல் சுற்றிலேயே சண்டை வந்துவிட்டது, அதன்பிறகு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் டிரைவர் மாறுவார் என்று விதி வைத்தோம், அடங்கியது. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெட்டி காலில் தட்டும், இரண்டு பேர் பயந்து உள்ளேயே நுழையவில்லை, அவர்களுக்குக் கொடி காட்டுகிற கார்டு வேலை கொடுத்தேன். விசிலை முதலிலேயே கொடுத்ததும் தப்பு, வளவில் எதிரொலிக்கும், பெரியவர்களுக்குத் தலை வலித்துவிட்டது. வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கொடுக்க வேண்டும். பெட்டி தயாரிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், எனக்கு மனதுக்குப் பிடித்தது அதுதான். சின்னவள் அவள் ஆயாவோடு, அதாவது அம்மாவின் அம்மாவோடு, காரைக்குடிச் சந்தைக்குப் போய்வந்ததிலிருந்து வீட்டில் எதைப் பார்த்தாலும் தராசில் போடுகிறேன் என்று விளையாடிக்கொண்டிருந்தாள், அதிலிருந்துதான் யோசனையே வந்தது. வளவுத் தூண்களுக்கு நடுவே பழைய சேலைகளைக் கட்டி ஐந்து கடை. ஒரு கடைக்கு ஒரு நிறச் சேலை. வளையல் கடை, பொரிக் கடை, காய்கறிக் கடை, களிமண் கடை, பானகக் கடை. வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கொட்டான் என்கிற ஒரு சின்னப் பனையோலைக் கூடையும் அட்டையில் வெட்டிய 10 காசும் கொடுத்தோம். நாலு வயதில் கணக்குத் தெரியாது, 5 ரூபாய்க்கு 2 போக மீதி என்றெல்லாம் வைத்தால் குழம்பிவிடும். அதனால் எதை எடுத்தாலும் ஒரு காசு. காசுக்கும் நிறம் பூசி, கடைக்கு இரண்டாகப் பிரித்துவிட்டோம். சிவப்புச் சேலைக் கடையில் சிவப்புக் காசுதான் செல்லும். இல்லாவிட்டால் எல்லோரும் வளையல் கடையிலேயே நிற்பார்கள்.

காய்கறிக் கடை ஓடாது என்றுதான் நினைத்தேன். அதுதான் முதலில் காலியானது. நிஜத் தக்காளி, நிஜக் கத்தரிக்காய், குச்சியின் இரண்டு முனையிலும் கொட்டாங்குச்சி கட்டின தராசு. பெரியவன் எடை போட்டான், தட்டு சமமாக நிற்கும்வரை யாரும் நகரவில்லை. மூன்று வயதுப் பயல் ஒருவன் மற்றவர்களிடம் காசை மாற்றி மாற்றி வாங்கி, பத்துக்கும் தக்காளியே எடுத்துக் கொட்டானை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் அவன் வீட்டில் அந்தத் தக்காளியில்தான் ரசம் வைத்தார்களாம், அவனே எல்லோருக்கும் ஊற்றினானாம்.

களிமண் கடையில் இருந்தது வீட்டில் பிசைந்த மாவு. மைதா 2 கப், உப்பு 1 கப், எண்ணெய் 2 கரண்டி, சுடுதண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பூரி மாவைவிட இளக்கமாகப் பிசைந்து, பாதிக்கு மஞ்சள்தூள், பாதிக்குப் பீட்ரூட் சாறு. உப்பு அதிகம் என்பதால் தின்ன விடக் கூடாது, அந்தக் கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பொரிக் கடையில் வேர்க்கடலையும் கடலை மிட்டாயும் வைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு முழுக் கடலை புரையேறும், பொரியும் நாட்டுச்சர்க்கரையும் போதும்.

செலவைப் பிரித்தால் கொட்டான் ஒன்று 60 ரூபாய் வீதம் 18க்கு 1,080, கடைச் சாமான்கள் 850, வண்ணத்தாள், அட்டை 120, சாப்பாடு 1,300. கொட்டானுக்கு ஆயிரம் ரூபாயா என்று வீட்டில் முதலில் தயங்கினார்கள். ஆனால் ரிட்டர்ன் கிஃப்ட் என்று தனியாக ஒன்றும் வாங்கவில்லை, பிள்ளை வாங்கியதும் அதை வைத்திருந்த கூடையும் அதன் வீட்டுக்கே போய்விட்டது. காடு பிறந்தநாளில் 75 ரூபாய் வீதம் 20 பேருக்கு 1,500 ரூபாய்க்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுத்தேன், அதில் ஒன்றைக்கூட அப்புறம் யார் வீட்டிலும் நான் பார்க்கவில்லை. கொட்டான் பனையோலையில் கையால் முடைவது, நம் செட்டிநாட்டுப் பக்கத்துக்கென்று புவிசார் குறியீடு வாங்கிய பொருள், விசேஷங்களில் பொருள் வைத்துக் கொடுத்துப் பழகியது. ஒரு வீட்டில் பூ வைத்திருக்கிறார்கள், ஒரு வீட்டில் ஊக்கும் ரப்பர் பேண்டும் போட்டிருக்கிறார்கள். ரயிலுக்குக் கொடுத்த விசிலும் கிரேயானும் 40 ரூபாய் வீதம் 800 ஆனது, கிரேயானை மட்டும் பிள்ளைகள் தீர்த்துவிட்டார்கள்.

சாப்பாட்டை மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம். காட்டுக்குக் கடையில் ஆர்டர் கொடுத்த 2 கிலோ கேக் 1,600, பஃப்ஸ், சமோசா, ஜூஸ் 1,800. கேக்கின் மேல் இருந்த சிங்கம் வெயிலில் வழிந்துவிட்டது. தட்டு, தொப்பி 600 தனி. ரயிலுக்கு வீட்டில் குக்கரில் கேக் செய்தேன், கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்புப் பரப்பி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம், 450 ரூபாய்க்குள் முடிந்தது, மற்ற பலகாரங்களுக்கு 1,100. சுவை நன்றாக இருந்தது, ஆனால் சித்திரையில் பட்டர் கிரீம் பூசாதீர்கள், உருகும். சந்தைக்குக் கேக்கே இல்லை. கருப்பட்டிப் பாகு விட்ட இனிப்புக் குழிப்பணியாரத்தைக் கோபுரமாக அடுக்கி உச்சியில் ஒரு மெழுகுவர்த்தி வைத்தோம். விளக்கை ஊதி அணைக்கிறது வேண்டாம் என்று அப்பத்தா சொன்னார்கள், அதனால் முதலில் பிள்ளை கையால் குத்துவிளக்கு ஏற்ற வைத்து, மெழுகுவர்த்தியை அவள் ஆசைக்கு ஊதவிட்டோம், இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

குழிப்பணியாரத்துக்குப் பச்சரிசியும் இட்லி அரிசியுமாக 4 பங்குக்கு உளுந்து 1 பங்கு, வெந்தயம் ஒரு கரண்டி. முதல் நாளே அரைத்துவிடலாம். கூடவே வெள்ளைப் பணியாரம். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து அதே டம்ளரில் மேலே கோபுரமாக உளுந்து வைத்தால் அதுதான் அளவு, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெய் போல அரைக்க வேண்டும், புளிக்க வைக்கக் கூடாது. ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்கிற பலகாரம் என்பதால் பிள்ளைகள் வருவதற்கு முன்பே எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிடுங்கள். துவையலைப் பிள்ளைகளுக்கு மட்டும் காரம் இல்லாமல் தேங்காயில் அரைத்தேன்.

அலங்காரத்தில் ஒரு விஷயம், மூன்றுக்கும் பொது. பழைய செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் டேப் ஒட்டாதீர்கள். சுண்ணாம்பில் முட்டை சேர்த்து மெருகேற்றிய பூச்சு, டேப்போடு உரிந்து வரலாம், திரும்பச் செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். தூணுக்குத் தூண் கயிறு கட்டி அதில் மாட்டுங்கள். கிரேப் தாள் நனைந்தால் ஆத்தங்குடி ஓடு பதித்த தரையில் சாயம் இறங்கும், பானகக் கடைப் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

இப்போது எதை எடுப்பது? உதவிக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணுங்கள். சந்தைக்குக் கடைக்கு ஒருவர் என்று ஐந்து பெரியவர்கள் கட்டாயம் வேண்டும், அப்பத்தா, ஆயா, அயித்தை என்று கூடுகிற வீட்டில் அது கஷ்டமில்லை, அவர்களுக்கும் அன்றைக்கு ஒரு வேலை, ஒரு சிரிப்பு. நீங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாக ஒரு ஃபிளாட்டில் இருந்தால் சந்தை உங்களைப் படுத்திவிடும். ரயிலை எடுங்கள், முன்வேலைதான் அதிகம், அன்றைக்கு ஒருவர் கொடி பிடித்தாலே ஓடும், ஹால், அடுப்படி, பால்கனி மூன்றும் மூன்று ஸ்டேஷன், நாலு பெட்டி போதும். பணம் நெருக்கடி என்றாலும் ரயில்தான் குறைவு. நாலு வயதுக்கு மேல் பலவயதுப் பிள்ளைகள் கலந்து வந்தால் சந்தை, பெரிய பிள்ளைகள் கடைக்காரர்களாகவும் சின்னவர்கள் வாங்குகிறவர்களாகவும் தானாகப் பிரிந்துகொள்வார்கள்.

மூன்று வயதுக்குள் என்றால் காட்டையே வைக்கலாம், பெட்டி வாங்காமல். வாழைக்கன்று இரண்டு, மாவிலைத் தோரணம், வேப்பங்கொத்து, காகிதத் தட்டில் கண் வெட்டிப் பிள்ளைகளே வண்ணம் பூசுகிற முகமூடி, இதற்கு 300 ரூபாய்கூட ஆகாது. ஐந்து பிள்ளைகளுக்கு மேல் கூப்பிடாதீர்கள். மாலை நாலரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், வளவில் அப்போது நிழல் இறங்கியிருக்கும், மத்தியானத் தூக்கமும் முடிந்திருக்கும்.