லூக்கஸின் பதக்கத்துக்குச் சிவப்பு நாடா எதற்கு?

கொழும்பில் இணையவழி விற்கும் இந்த விக்டோரியா சிலுவை (பிரித்தானியாவின் மிக உயர்ந்த போர் வீர விருது) நகலின் விலை 4,500 ரூபாய்; நாடா சிவப்பு. பெட்டியில் பிரித்தானியக் கடற்படை வீரர் சார்ள்ஸ் லூக்கஸின் பெயர். 1854 ஜூன் 21 அன்று, பால்டிக் கடலில், ரஷ்யரின் பொமார்சுண்ட் கோட்டைக்கு எதிரே நின்ற அவரது ஹெக்லா போர்க்கப்பலின் தளத்தில் குண்டொன்று திரி எரிந்தபடியே வந்து விழுந்தது. எல்லோரையும் குப்புறப் படுக்கச் சொல்லிக் கட்டளை. லூக்கஸ் மட்டும் அதைத் தூக்கிக் கடலில் எறிந்தார். இந்த விருதுக்குரிய செயல்களில் காலத்தால் முந்தியது இதுதான்.

அவர் பெயரில் விற்பவர்கள் நாடாவைக் கவனித்திருக்க வேண்டாமா? 1918 வரை கடற்படையினருக்கு நீலம், தரைப்படைக்குத்தான் கருஞ்சிவப்பு. லூக்கஸோ 1914இலேயே இறந்துவிட்டார். மாற்றுவது சுலபம். புறக்கோட்டை கெய்சர் வீதிப் பக்கம் ஒன்றரை அங்குலக் கருநீல ரிபன் அரை அடி எடுத்தால் போதும். சற்றின் ரிபன் மினுங்கும், வேண்டாம்; குறுக்கே வரியோடியதைக் கேளுங்கள். ஒன்றேகால் அங்குலம் எடுத்தால், சிலுவைக்கு மேலே நாடா கோக்கும் உலோகப் பட்டையின் இரு ஓரமும் வெறுமையாகத் தெரியும்.

அளவு சரி: உயரம் 41, அகலம் 36 மில்லிமீற்றர். எடைதான் காட்டிக்கொடுக்கிறது. அசல் வெண்கலம் பட்டையோடு சேர்த்துச் சுமார் 27 கிராம், இது 20. நாகக் (துத்தநாகக்) கலவை வார்ப்பு, மேலே பழுப்புப் பூச்சு. முகப்பிலுள்ள சிங்கத்தின் பிடரி மழுங்கல்.

பின்புற வட்டத்துக்குள் பெயரையும் திகதியையும் சேர்த்தே திணித்திருக்கிறார்கள். அசலில் வட்டத்துக்குள் திகதி மட்டும். பெயர் பட்டையின் பின்னால். இதில் இன்னொரு வேடிக்கை: லூக்கஸ் தன் பதக்கங்களை ரயிலில் தவறவிட்டார், திரும்பக் கிடைக்கவில்லை. கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கும் மாற்றுச் சிலுவையின் பின்புறம் வெறுமை. ஆகவே எழுத்து வெட்டாததைக் கேட்டு வாங்குவதே நல்லது.

வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு: உப்புக்காற்றில் பூச்சு கொப்பளித்து, அடியில் வெள்ளைத் தூள் கிளம்பும். குத்துவிளக்கை மினுக்குவது போலப் புளி போட்டால் பூச்சே போய்விடும். உலர்ந்த பஞ்சால் துடைத்து, மெல்லிய மெழுகு பூசினால் போதும். பிரேம் அடிப்பவர் சூட்டுப் பசையால் ஒட்டப் பார்ப்பார். விடாதீர்கள், ரிபனை அட்டையோடு நூலால் தைக்கச் சொல்லுங்கள். பின்னாலுள்ள ஊசியை முதல் நாளே கழற்றிவிடுங்கள். அது இரும்பு, மழைக்காலத்தில் துருவேறி ரிபனில் கறை இறக்கும்.